முழுகாமல் இருந்த வீடு

கோடையில் வாயைப் பிளந்து மழையில் உப்பிக்கொள்ளும் கரிசல் மண்ணின் மேல் வீடு கட்டியவர்களுக்குச் சுவரைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது காலைக்கடன்களில் ஒன்று என்பதால், முத்துமாலை நகரில் தன் வீட்டுப் பின்சுவர் ஒரு சாண் அளவுக்கு வெளியே தள்ளிக்கொண்டு நின்றதைப் பார்த்தபோது அமிர்தவேணி பதறவில்லை. பல் தேய்த்துக்கொண்டே அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், வாயைக் கொப்பளித்தாள், உள்ளே போய்க் கணவனிடம், "என்னங்க, நம்ம பின்சுவத்துக்கு வயிறு வந்திருக்கு" என்றாள்.

பவுன்ராஜ் காப்பியை அப்படியே வைத்துவிட்டு ஓடினான். அவன் நூற்பாலையில் மின்பிரிவு ஃபோர்மேன். ஆனால் சம்பளம் வாங்காமல் அவன் பார்த்த உண்மையான உத்தியோகம் அந்த வீடுதான். ஐப்பசி மழைக்கு முன்னால் மொட்டைமாடித் தண்ணீர்க் குழாயில் அடைத்த சருகைக் கம்பி விட்டு எடுப்பான், மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ப்பான், கதவுக் கீல்களுக்குத் தேங்காயெண்ணெய் விடுவான், குழாய் வாஷர்களை ஹார்லிக்ஸ் பாட்டிலில் அளவு வாரியாகப் போட்டு வைத்திருப்பான், நிலைக்கதவில் கரையான் ஏறுகிறதா என்று காதை வைத்துக் கேட்பான். தெருவில் யார் வீட்டிலும் ஓதம் ஏறினால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவன் போய்ச் சுவரைத் தடவிப் பார்த்து, வைத்தியர் நாடி பிடித்த மாதிரி கண்ணை மூடி, "குளியலறை மூலையில இருந்து வருது" என்பான். சரியாக இருக்கும்.

இப்போது அவன் தன் வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தான். ஓதம் இல்லை. விரிசல் இல்லை. பூச்சு ஒரு இடத்திலும் பொரியவில்லை. சுவர் வழவழவென்று, உருண்டையாக, வெதுவெதுப்பாக இருந்தது.

"சித்திரை மாசம். ஒரு சொட்டு மழை இல்ல. மண்ணு எப்படி உப்பும்?" என்று அவன் யாரையோ திட்டுகிற மாதிரி கேட்டான்.

வேணிக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. அவள் பக்கத்து ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் குடும்பநல ஆலோசகர். ஒரு பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் எவ்வளவு இடைவெளி விட வேண்டும், காப்பர் டி போட்டால் இடுப்பு வலிக்குமா, ஆண்கள் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டால் மூட்டை தூக்க முடியாதா என்பதையெல்லாம் நாள் முழுக்கப் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருப்பவள். சுற்று வட்டாரத்தில் அவளுக்குக் 'கட்டுப்பாட்டு அக்கா' என்றே பெயர். அந்த அக்காவுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷமாகியும் பிள்ளை இல்லை என்பதை அந்த வட்டாரம் இரண்டு விதமாகப் பேசியது. பாடம் நடத்துகிறவளே பாடத்தை ரொம்பப் படித்துவிட்டாள் என்பது ஒன்று; இன்னொன்றை அவள் காதுபடப் பேசமாட்டார்கள், அவள் தாண்டிப் போனபின்தான் பேசுவார்கள்.

உண்மை இரண்டிலும் இல்லை. உண்மை, வீடுதான். கல்யாணமான புதிதில், "முதல்ல நமக்குன்னு ஒரு வீடு, அப்புறம் பிள்ளை" என்று பவுன்ராஜ் சொன்னான், அவளும் சரியென்றாள், அப்படித் திட்டமிடச் சொல்லித்தானே அவளே ஊருக்கு உபதேசிக்கிறாள். வீடு எழும்பியது. கிரகப்பிரவேசம் முடியட்டும் என்றான். முடிந்ததும், பிள்ளை தவழ்ந்து தெருவுக்குப் போய்விடும், காம்பவுண்டுச் சுவர் முடியட்டும் என்றான். பிறகு மாடியில் தட்டோடு பதிக்க வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் வெயில் நேரே பிள்ளையின் தலையில் இறங்கும். பிறகு நிலத்தடித் தொட்டி கசிந்தது, அப்புறம் மாடிப்படிக் கைப்பிடியில் கம்பிகளுக்கு நடுவே குழந்தைத் தலை நுழைகிற இடைவெளி இருந்தது. அவன் சொன்ன காரணம் ஒவ்வொன்றும் நியாயமாக இருந்தது. அதுதான் வேணிக்குப் பெரிய சங்கடம். ஒரு காரணமாவது பொய்யாக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பாள். வருஷம் போகப் போக அவள் கேட்பதை விட்டுவிட்டாள். வேண்டாம் என்று தோன்றிவிட்டதா, கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டதா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

சுவரைப் பார்க்கக் கொத்தனார் குருவையா வந்தார். தூக்குக்குண்டைப் பிடித்துப் பார்த்தார், உளிக்காம்பால் அங்கங்கே தட்டினார், "உள்ளே காத்து அடைச்சிருக்கு. உடைச்சு எடுத்துட்டுப் புதுசா கட்டிரலாம்" என்று உளியைச் சுவரில் வைத்து, சுத்தியலை ஓங்கினார். ஓங்கியதுதான் தாமதம், வீட்டிலிருந்த ஜன்னல் கதவுகள் அத்தனையும் ஒரே நேரத்தில் படாரென்று சாத்திக்கொண்டன. குருவையா சுத்தியலைக் கீழே வைத்தார். ஒரு காற்றும் அடிக்கவில்லை என்பதை எல்லோரும் கவனித்தார்கள்.

அப்போது பவுன்ராஜின் அம்மா ஆவுடைத்தங்கம் அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். ஐந்து பிள்ளை பெற்று ஐந்தையும் ஆளாக்கியவள். மருமகளின் வயிற்றைத் தினமும் காலையில் ஒரு முறை, சாயந்திரம் ஒரு முறை கண்ணாலேயே அளந்து பெருமூச்சு விடுகிறவள். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, உள்ளங்கையைச் சுவரில் வைத்தாள். கொஞ்ச நேரம் அசையாமல் நின்றாள். முகம் மாறியது.

"ஏட்டி வேணி, காலையில குழாயைத் திறந்தா முதத் தண்ணி ஓங்கரிச்சிக்கிட்டுத்தான வருது?"

"ஆமா அத்தை. பத்து நாளா அப்படித்தான்."

"பரண் மேல வச்ச புளியைக் காணோம்னு நான் உன்னைச் சந்தேகப்பட்டேன். நீ எடுக்கல?"

"நான் ஏன் அத்தை எடுக்கப் போறேன்?"

"வடுமாங்கா ஜாடியும் காலி. சுவரை ஒட்டித்தான் வச்சிருந்தேன்." ஆவுடைத்தங்கம் சுவரிலிருந்து கையை எடுக்காமலேயே திரும்பி மகனைப் பார்த்தாள். "பவுனு, உன் வீடு முழுகாம இருக்குடா."

வீடு எப்படிச் சூல் கொள்ளும் என்று அவன் கேட்கவில்லை. அவன் கேட்டது வேறு. "எப்படிம்மா? ஒரு துளி உள்ளே போக வழியில்லாம அத்தனையும் பூசியிருக்கேனே! கூரை, குளியலறை, சன்ஷேடு, ஒரு இடம் விடல!"

"எந்த முறையும் நூத்துக்கு நூறு பாதுகாப்புக் கிடையாதுங்க" என்றாள் வேணி. தினமும் எதிர் நாற்காலிக்காரர்களுக்குச் சொல்கிற அதே குரலில் அது தானாக வந்துவிட்டது. குருவையா தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்கினார்.

சாயந்திரத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. தெரிந்த மாத்திரத்தில் முதல் கேள்வி எழுந்தது. யாருடைய வீடு?

பக்கத்து வீட்டு ஜெபராணி டீச்சர்தான் அதை வாய்விட்டுச் சொன்னாள், அதுவும் யாரையும் குற்றம் சொல்லாமல், பூகோளப் பாடம் நடத்துகிற மாதிரி. "தை மாசத்துல இருந்து சாயந்திரமானா எதிர்வீட்டு நிழல் ரோட்டைத் தாண்டி வந்து இந்த வீட்டு மேல படுத்துக்கிடக்கும். நான் பார்த்திருக்கேன். என் துணியெல்லாம் காயாது."

எதிர்வீடு, ஓய்வுபெற்ற சார்பதிவாளர் திரவியத்தினுடையது. இரண்டு மாடி, உருண்டைத் தூண்கள், மாடிப்படிக்கு வட்டமாக ஒரு கண்ணாடி ஜன்னல், கைப்பிடிச் சுவரில் வரிசையாகத் தாமரை மொட்டுகள். திரவியம் சார் விஷயம் கேள்விப்பட்டதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவின் நடுவில் வந்து நின்றார்.

"என் வீட்டுக்குப் பட்டா சுத்தம், வில்லங்கச் சான்று சுத்தம், மூலப்பத்திரம் சுத்தம்! முப்பது வருஷமா அது இருந்த இடத்தை விட்டு அசைஞ்சதில்ல. யார் வீட்டுப் பக்கமும் திரும்பிப் பார்த்ததில்ல. அப்படிப்பட்ட வீடு இல்ல அது!"

"எல்லா வீட்டுக்காரங்களும் அப்படித்தான் சொல்லுவாங்க" என்றாள் ஆவுடைத்தங்கம் காம்பவுண்டுக்குள் இருந்தபடி.

"அம்மா, வார்த்தையை அளந்து பேசுங்க!"

"உங்க வீட்டை அளந்து வளத்திருந்தா நான் ஏன் பேசப் போறேன்?"

மறுநாள் திரவியம் சார் தன் வீட்டு முகப்பு முழுக்கப் பச்சை வலைத்துணியைக் கட்டி மறைத்தார். அந்த வீடு முக்காடு போட்ட மாதிரி நின்றது. அதைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது என்று ஜெபராணி டீச்சர் சொன்னாள்.

அதன் பிறகு வைகாசியும் ஆனியும் ஆடியும் போயின. பின்சுவர் நாளொரு மேனியாய்த் திரண்டது. முத்துமாலை நகர் அதற்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொண்டது. அந்த வீட்டில் யாரும் சுவரில் ஆணி அடிக்கவில்லை, அடுத்தடுத்த வீடுகளிலும் துளைபோடும் மெஷினை ஓட்டவில்லை, தண்ணீர் லாரிக்காரர் தெருமுனையிலேயே இன்ஜினை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டே வந்தார், கிரகணத்தன்று பெண்கள் கூடி ஜன்னல்களுக்கெல்லாம் தர்ப்பை செருகிப் போர்வை போட்டு மூடினார்கள், போகிற வருகிறவர்கள் ஆளுக்கொரு மாங்காயோ நெல்லிக்காயோ ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போனார்கள், அவை மறுநாள் காலையில் இருக்காது. பவுன்ராஜ் விடுப்புப் போட்டுவிட்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தான். படியேறும்போது செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். குக்கர் விசில் அடித்தால் ஓடிப்போய்த் தூக்கிவிட்டான். வேணி காலைத் தேய்த்து நடந்தால்கூட, "மெதுவா, மெதுவா" என்றான்.

வேணியை யாரும் எதுவும் கேட்கவில்லை. அதுதான் அந்த மாதங்களின் அதிசயம். கல்யாண வீட்டில், பஸ்ஸில், கோயிலில், ரேஷன் கடையில் ஒன்பது வருஷமாக அவளைப் பார்த்தவுடன் வயிற்றுக்கு இறங்கிய கண்கள் எல்லாம் இப்போது, "வீடு எப்படி இருக்கு? தண்ணி ஒழுங்கா இறங்குதா?" என்று கேட்டன. மாமியார் அவளை அளப்பதை மறந்தே போனாள். வேணிக்கு முதலில் சுமை இறங்கின மாதிரி இருந்தது. கொஞ்ச நாள் கழித்து, ஒரு சாயந்திரம் பவுன்ராஜ் அந்தச் சுவரில் கன்னத்தை வைத்து, கண்ணை மூடி, ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்ததைக் கொடியில் துணி எடுக்கப் போனவள் பார்த்தாள். அவன் முகத்தில் அப்படி ஒரு கனிவை அவள் பார்த்ததில்லை. செங்கலையும் சிமெண்டையும் பார்த்து ஒரு மனுஷி பொறாமைப்படுவதற்கு வார்த்தை உண்டா என்று யோசித்தாள். துணியை மடிக்காமலேயே அள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

ஏழாம் மாசம் வளைகாப்பு நடத்தினார்கள். நிலைக்குச் சந்தனம் பூசி, மாலை சார்த்தி, ஜன்னல் கம்பிகளுக்கெல்லாம் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்களை அடுக்கினார்கள். காற்று வந்தால் வீடே கலகலவென்று சிரித்தது. புளிச்சாதமும் எலுமிச்சைச் சாதமும் வாசலில் வாழையிலை போட்டுப் படைக்கப்பட்டன. கடைசியில் ஆவுடைத்தங்கம் இரண்டு வளையலைக் கழற்றிக்கொண்டு வந்து, கூட்டத்துக்கு நடுவே மருமகளின் கையைப் பிடித்தாள்.

"போட்டுக்கோ தாயி. சூலி வளையல். இதைப் பார்த்தாவது உனக்கும் ஒரு வழி பிறக்கட்டும்."

பாட்டு நின்றது. ஒன்பது வருஷத்துக் கண்கள் மறுபடி அவள் வயிற்றுக்கு இறங்கின. வேணி மாமியாரைப் பார்த்தாள், பிறகு கூட்டத்துக்கு வெளியே மாலையின் நாரைச் சரிசெய்துகொண்டிருந்த பவுன்ராஜைப் பார்த்தாள்.

"வழி இருக்கு அத்தை. உங்க மகன்தான் அதுலயும் பூசி வச்சிருக்காரு" என்றாள்.

ஜெபராணி டீச்சர் சிரித்துவிட்டாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். ஆவுடைத்தங்கம் சிரிக்கவில்லை, முதல் தடவையாக அவள் மருமகளை விட்டுவிட்டு மகனை அளந்து பார்த்தாள். பவுன்ராஜ் மாலை நாரைக் கையிலேயே அறுத்துவிட்டான்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், விடாத மழையில், வீட்டுக்கு வலி எடுத்தது. முதலில் கதவுகள் நிலையில் உட்கார மறுத்தன. பிறகு விளக்குகள் எல்லாம் மங்கி மங்கி எரிந்தன, யாரும் சுவிட்சைத் தொடாமலே மோட்டார் ஓடியது, தரையிலிருந்து ஒரு முனகல் கிளம்பிப் பாத்திரங்களை நடுங்க வைத்தது. பவுன்ராஜ் மெயினை அணைக்க ஓடினான், தொட்டியைப் பார்க்க ஓடினான், மட்டம் பார்க்கிற ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு எதற்கென்று தெரியாமல் மாடிக்கு ஓடினான். "பில்லர் தாங்காது, பில்லர் தாங்காது" என்று புலம்பினான்.

சுகாதார நிலையத்தில் பிரசவ அறைக்கு வெளியே இப்படி ஓடிய புருஷர்களை வேணி நிறையப் பார்த்திருக்கிறாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அத்தை, எல்லாக் கதவையும் திறந்து விடுங்க. அலமாரி, பீரோ, ஒண்ணுவிடாம. டீச்சர், வெந்நீர் போட்டுப் பின்சுவரைச் சுத்தி ஊத்துங்க. வேடிக்கை பாக்குற ஆம்பளைங்க எல்லாரும் ரோட்டுக்குப் போங்க. நீங்க இங்க வாங்க." பவுன்ராஜ் கையிலிருந்த ரசமட்டத்தைப் பிடுங்கிக் கீழே வைத்தாள். "நிலையைப் பிடிச்சுக்கோங்க. பிடிச்சுக்கிட்டுப் பேசிக்கிட்டே இருங்க."

"என்ன பேச?"

"எதையாவது. தனியா இல்லைன்னு அதுக்குத் தெரிஞ்சா போதும்."

பவுன்ராஜ் நிலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அஸ்திவாரத்துக்குக் குழி தோண்டிய நாளிலிருந்து தொடங்கி, எந்தச் செங்கல் எந்தச் சூளையிலிருந்து வந்தது, எந்த மூலையில் அவன் தன் கையாலேயே சாந்து பூசினான் என்று அழுதுகொண்டே சொல்லிக்கொண்டிருந்தான். பின்பக்கம் வேணி இரண்டு கையையும் சுவரில் வைத்து, "மூச்சை விடு, மெதுவா விடு, இன்னும் கொஞ்சம்தான்" என்றாள். மழை வலுத்தது. சுவர் திரைச்சீலை விலகுகிற மாதிரி இரண்டாக விலகியது, ஒரு கல் விழவில்லை, ஒரு பிடி தூசி பறக்கவில்லை, நனைந்த கரிசலில் வழுக்கிக்கொண்டு ஒரு சின்ன வீடு வெளியே வந்து துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. சுவர் மறுபடி சேர்ந்துகொண்டது. சின்ன வீட்டின் சின்னக் கதவு கீலில் கிறீச்சென்று கத்தியது. பெரிய வீட்டின் ஜன்னல்கள் அத்தனையும் அந்தச் சத்தத்துக்கு மெல்லத் திறந்தன.

ஓர் அறை, ஒரு மூலையில் அடுப்படி, இடுப்பு உயரத்துக்கு ஒரு வாசல் மேடை, ஈரச் சிமெண்டின் வாசனை. ஆவுடைத்தங்கம் குலவையிட்டாள். குலவை அடங்கியபின்தான் எல்லோரும் அதைப் பார்த்தார்கள்: சுவரில் வட்டமாக ஒரு ஜன்னல், கைப்பிடிச் சுவரில், விரல் கனத்துக்கு, தாமரை மொட்டுகள்.

திரவியம் சார் குடையைப் பிடித்துக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தார். அந்த வட்ட ஜன்னலை வெகுநேரம் பார்த்தார். திரும்பிப் போய், மழையில் நனைந்துகொண்டே, தன் வீட்டு முகப்பில் கட்டியிருந்த பச்சைத் துணியை ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தார். அவருடைய இரண்டு மகன்களும் கடல் தாண்டி இருந்தார்கள். பேரப்பிள்ளைகளை அவர் போனில்தான் பார்த்திருந்தார். மறுநாள் வெள்ளிக் கொலுசு மாதிரி மின்னுகிற ஒரு புதுத் தாழ்ப்பாளைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்தார்.

"ஜன்னல் எங்க பக்கத்துச் சாயல்" என்றார் ஆவுடைத்தங்கத்திடம், தரையைப் பார்த்துக்கொண்டு.

"வாசல் எங்க சாயல்" என்றாள் அவள். "உள்ள வாங்க, காப்பி குடிங்க."

பஞ்சாயத்திலிருந்து ஆள் வந்தார். இதற்குக் கட்டட அனுமதி கொடுப்பதா, பிறப்புச் சான்றிதழ் கொடுப்பதா என்று வாசலில் நின்று குழம்பினார். அனுமதியில்லாமல் கட்டியது என்றால் கட்டியது யார்? பிறந்தது என்றால் ஆணா பெண்ணா? கடைசியில், பதினெட்டு வயது ஆனதும் வரி போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, பால் பாயசம் குடித்துவிட்டுப் போனார்.

தெருவுக்கு அது கைக்குழந்தையாகிவிட்டது. புதுச் சிமெண்டு இறுக வேண்டுமென்றால் ஈரம் காயக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும் என்பதால், காலையில் ஒரு கூட்டம், உச்சிப்பொழுதில் ஒரு கூட்டம், சாயந்திரம் ஒரு கூட்டம் குடத்தோடு வந்து அதைக் குளிப்பாட்டியது. நனைத்த சணல் சாக்கால் சுற்றி வைத்தது. மை வைப்பதற்குப் பதிலாக ஒரு மூலையில் தார் பூசியது. பவுன்ராஜ் அதன் பக்கத்திலேயே கிடந்தான். ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தபோது, முகமெல்லாம் பூரிப்பாக, அவன் அதைச் சொன்னான்.

"இது மட்டும் கொஞ்சம் இறுகட்டும் வேணி. ஒரு மழைக்காலம் தாங்கிட்டா அப்புறம் கவலையில்ல. அதுக்கப்புறம் நம்ம விஷயத்தைப் பார்ப்போம்."

வேணி குழம்புக் கரண்டியைச் சட்டியில் வைத்தாள். ஒன்பது வருஷமாக அவளுக்குள் சேர்ந்துகிடந்த கோபம் எல்லாம் ஒன்றாகத் திரண்டு வந்தபோது அது சிரிப்பாகத்தான் வந்தது. கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள். பிறகு ஒரு பாய், ஒரு தலையணை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு செம்புத் தண்ணீர் எடுத்துக்கொண்டு பின்வாசலைக் கடந்து போய், சின்ன வீட்டுக்குள் நுழைந்து, திரவியம் சாரின் புதுத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டாள்.

"வேணி! பூச்சு இன்னும் ஈரம்! உடம்புக்கு ஆகாது!"

"எனக்கு இது போதும். இங்க ரிப்பேர் பண்ண ஒண்ணும் இல்ல."

தெரு முழுக்கக் காம்பவுண்டுச் சுவரில் கைவைத்து நின்றது. பவுன்ராஜ் கதவைத் தட்டினான். அவள் திறந்து, அவன் கையில் கொத்துக்கரண்டி இருப்பதைப் பார்த்துச் சாத்தினாள். சாயந்திரம் மறுபடி வந்தான், ஓதம் தடுக்கிற ஒரு புது மருந்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான், சாத்தினாள். மறுநாள் ஜன்னல் வழியாகச் சமாதானம் பேசினான், பேச்சின் நடுவே விரல் தானாக ஜன்னல் சட்டத்தின் மூலைமட்டத்தைத் தடவிப் பார்த்தது, ஜன்னலையும் சாத்தினாள். ஆவுடைத்தங்கம்கூட மகனுக்காகப் பேசவில்லை. "கையை வீசிக்கிட்டுப் போடா. அதுகூடத் தெரியல உனக்கு" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த நாள் மத்தியானம், தெரு உண்டு முடித்துக் கண்ணயர்ந்த நேரத்தில், அவன் வெறுங்கையோடு வந்தான். வேணி கதவைத் திறந்து எதிர் நாற்காலியைக் காட்டினாள். அவன் உட்கார்ந்தான். அவள் சுகாதார நிலையத்தில் உட்காருகிற மாதிரி நேராக உட்கார்ந்து, கையை மடியில் கோத்துக்கொண்டாள்.

"நான் எல்லாரையும் கேக்குற கேள்விதான். உங்களுக்குக் குழந்தை வேணுமா, வேண்டாமா? ரெண்டுல எது சொன்னாலும் எனக்குச் சம்மதம்தான், அழுது தீர்த்துட்டு எழுந்திருவேன். மூணாவது பதில் மட்டும் கிடையாது."

அவன் சுவரைப் பார்த்தான், பார்த்தது தப்பென்று தரையைப் பார்த்தான். "பயமா இருக்கு" என்றான்.

"அது பதில் இல்ல. அது காரணம்."

"வீட்டுல ஒரு விரிசல் விட்டா நான் பூசிருவேன் வேணி. எங்க, எதனாலன்னு எனக்குத் தெரியும். பிள்ளைக்கு ஒண்ணுன்னா நான் எதை வச்சுப் பூச? எனக்கு முன்னாடி பிறந்த ஒண்ணு, பேரு வைக்குறதுக்குள்ள போயிருச்சாம். அம்மா சொன்னதே இல்ல. பெரியம்மாதான் சொன்னா. அப்ப இருந்து, எல்லாத்தையும் சரி பண்ணி வச்சிட்டாப் பயம் போயிரும்னு நினைச்சேன். ஒண்ணைச் சரி பண்ணினா இன்னொண்ணு கண்ணுல படுது."

ஐந்து பிள்ளை பெற்றதாகச் சொல்கிற மாமியார் ஆறு பெற்றவள் என்பது வேணிக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் கோத்திருந்த கைகளைப் பிரித்தாள்.

"யார் வீட்டுலயும் எல்லாம் சரியா இருந்து பிள்ளை பிறந்ததில்லைங்க. ஒழுகுற ஓலைக்குள்ள வரிசையாப் பெத்து வளத்தவங்க என் முன்னாடி உக்காந்திருக்காங்க. பயமா இருக்கான்னு கேட்டா எல்லாரும் ஆமான்னுதான் சொல்லுவாங்க. இப்போ சொல்லுங்க."

வெளியே யாரோ ஒரு குடத்தைக் கல்லில் வைத்துவிட்டு, உள்ளே ஆளிருப்பது தெரிந்து, ஓசைப்படாமல் போனார்கள்.

"வேணும்" என்றான். பிறகு, "வேணும்தான். ரொம்ப நாளா."

"எப்போ?"

"இந்த மாடிப்படி..." என்று தொடங்கியவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். "இப்பவே" என்றான்.

வேணி எழுந்து கதவைத் தாழ்ப்போட்டாள். வட்ட ஜன்னலைச் சாத்தத் திரும்புவதற்குள் அது தானாகவே மெல்லச் சாத்திக்கொண்டது. பிறந்து ஒரு மாசம்கூட ஆகாத வீட்டுக்கு அவ்வளவு இங்கிதம் இருந்தது.

அதற்குப் பிந்தைய மாதங்களில் முத்துமாலை நகருக்கு மூச்சுவிட நேரமில்லை. சின்ன வீட்டுக்கு வாசலில் முதல் படி முளைத்தது. பல் முளைத்த பிள்ளைக்குச் செய்கிற மாதிரி தெருவே கூடிக் கொழுக்கட்டை அவித்துக் கொட்டியது. பிறகு சமையல் மேடை ஒரு விரற்கடை உயர்ந்தது. திரவியம் சார் தினமும் சாயந்திரம் நாற்காலி போட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக் காட்டினார். யாருக்கும் வேறெதையும் பார்க்கத் தோன்றவில்லை. வேணி சேலையைக் கொஞ்சம் தளர்த்திக் கட்டத் தொடங்கியதை யாரும் கவனிக்கவில்லை. பவுன்ராஜுக்குத் தெரியும், வாயைத் திறக்க மாட்டேனென்று அவன் சத்தியம் செய்திருந்தான், தாங்க முடியாமல் போனால் மொட்டைமாடிக்குப் போய்த் தனியாகச் சிரித்துவிட்டு வந்தான்.

வீடு பிறந்து ஐந்து மாசம் ஆகியிருந்த ஒரு பங்குனிக் காலையில், வேணி சின்ன வீட்டின் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஆவுடைத்தங்கம் இடுப்பில் குடத்தோடு வந்தாள். ஜெபராணி டீச்சரும் இன்னும் நாலு பேரும் கூடவே வந்தார்கள்.

"ஏட்டி, கொஞ்சம் தள்ளி நில்லு. பிள்ளை மேல இளவெயில் படட்டும்" என்றாள் மாமியார், சின்ன வீட்டின் சுவரைத் தட்டிக்கொடுத்து.

வேணி நகர்ந்து நின்றாள். அப்போது அவள் அடிவயிற்றில், உள்ளேயிருந்து, யாரோ சின்ன விரலால் ஒரு தட்டுத் தட்டினார்கள். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு தரம் தட்டியது. அவளைச் சுற்றி அத்தனை பெண்களும் சுவருக்குத் தண்ணீர் வாரி இறைத்துக்கொண்டு, படிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு, ஜன்னலுக்கு முத்தம் கொடுத்துக்கொண்டு இருந்தார்கள், ஒருத்தியும் திரும்பவில்லை. சொன்னால் குடங்கள் உருளும், குலவை கிளம்பும், அவள் வயிறு மறுபடியும் ஊர்ச் சொத்தாகிவிடும். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். முந்தானைக்குள் கையை விட்டு அந்த இடத்தில் வைத்துக்கொண்டு, அவள் வெயிலில் சும்மா நின்றாள்.